லியாவ் கென்ஷெங்கின் கஷாயச் சக்கை

ஆறு வருஷம் அந்த ஆள் தன் கஷாயச் சக்கையை என் வாசலில் கொட்டினான். ஓரமாக எங்கேயோ கொட்டினான் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். கதவைத் திறந்து காலை வெளியே வைத்தால் எந்தக் கல்லில் கால் படுமோ, அந்தக் கல்லில் கொட்டினான். நான் விடியுமுன் பன்றி அறுக்கக் கிளம்புகிறவன். என் ரப்பர் பூட்ஸ் முதலில் மிதிப்பது அவன் சக்கையைத்தான். சளக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அவனை வெறுத்தேன்.

எங்கள் ஊரில் கஷாயம் காய்ச்சின சக்கையைக் குப்பையில் போட மாட்டார்கள். முச்சந்தியில் கொட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் ஆளுக்குக் கொஞ்சமாக அவர்கள் காலோடு போய்விடும். நூறு பேர் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் எங்கள் சந்தில் நூறு பேர் இல்லை. சந்தின் அடியில் கடைசி வீடு அவனுடையது. அடுத்தது என்னுடையது. அதற்கு மேல் முச்சந்தி வரைக்கும் பூட்டிக் கிடக்கிற வீடுகள். எல்லாரும் தெற்கே வேலைக்குப் போனவர்கள். ஆக, அந்தச் சக்கையை மிதிக்கிறவன் நான் ஒருவன். என்னோடு என் மனைவி யுன்ஷியாங்.

மூன்றாவது வருஷம் யுன்ஷியாங் செத்துப்போனாள். பதினோரு நாள் இருமல், காய்ச்சல், கடைசியில் நெஞ்சுச் சளி. மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. காரணம் என் வாசற்கல்லில் ஈரமாகக் கிடக்கிறது என்று எனக்குள் முடிவு பண்ணிவிட்டேன். அடக்கத்துக்கு ஊரே வந்தது. சந்தில் மிச்சமிருந்த ஒரே அண்டை வீட்டுக்காரன் வரவில்லை, செத்தவர்களுக்காகக் கொளுத்துகிற காகிதத்தில் ஒரு தாள்கூடக் கொளுத்தவில்லை.

கத்தாமல் இருந்தேனா? கத்தினேன். கதவுக்குள் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன். அவன் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆடி அசைந்து போவான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். இறங்கிப் போய் ஒரு அறை விட்டிருப்பேன். கசாப்புக்காரன் நோயாளியை அடித்தான் என்று சந்தையில் பேச்சு வரும், அதனால் விட்டேன்.

ஆறாவது வருஷம், வசந்தத்தில் ஒரு மத்தியானம், ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பாதிப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சக்கையில் கால் வழுக்கியது. நான் கீழே, பன்றி மேலே. அந்த நேரம் பார்த்து டோஃபு விற்கிற மா சித்தி கூடையோடு சந்துக்குள் வந்தாள்.

“அடப்பாவி கோங்! அப்படியே கிடக்காத, எந்திரி. எது பன்றின்னு தெரியாம யாராவது உன்னை எடை போட்டுடப் போறாங்க.”

எழுந்தேன். மண்வாரியை எடுத்தேன். கல்லில் இருந்த சக்கை முழுவதையும் சுரண்டி ஒரு பேசினில் போட்டுக்கொண்டு சந்தில் கீழே இறங்கினேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போகிறேன். கதவு திறந்துதான் இருந்தது.

“யோவ் லியாவ்! உன் சொத்தைக் கொண்டாந்திருக்கேன். எங்க கொட்ட? அடுப்புலயா, படுக்கைலயா?”

லியாவ் கென்ஷெங் மேசைமேல் கைகளை மடித்து, அதன்மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் அவன் மூக்குக்குப் போயிற்று. தலையைத் தூக்கினான். உதடு நீலம். கையை உயர்த்தி, இரு என்று சைகை காட்டினான். நான் பேசினைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“கொஞ்சம்… இரு. மூச்சு வரட்டும். அப்புறம் திட்டு. திட்டு வாங்கறதுக்கும்… மூச்சு வேணும்ல.”

“ஏன்யா என் வாசல்? ஊர்ல முச்சந்தி இல்ல?”

“முச்சந்திக்குத்தான் கிளம்பறேன். தினமும். உன் வாசல் வரைக்கும்தான் வருது.”

“எது வருது?”

“மூச்சுதான்.”

என் வாய் பழக்கத்தில் ஓடியது. “அடக்கத்துக்குக்கூட வரல நீ.”

“வந்தேன். உன் கதவு வரைக்கும். வெடி போட்டுட்டிருந்தாங்க… அந்தப் புகைல உள்ள வந்திருந்தேன்னா, உனக்கு ரெண்டு பெட்டி செலவு.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் நின்றதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவ நல்ல பொண்ணு. என் கதவுல பழம் வெச்சுட்டுப் போவா” என்றான்.

அது எனக்குத் தெரியாது. என் முற்றத்து லக்கோட்டா மரத்தின் மஞ்சள் பழத்தை அவள் இவனுக்குக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன் என்று தெரியும்.

மறுநாள் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவன் வீட்டிலிருந்து என் வாசல் முப்பத்தொரு காலடி. அதற்குள் அவன் நான்கு இடத்தில் நின்றான். ஒரு இடத்தில் செங்கல் போட்டு வைத்திருக்கிறான், அதில் உட்கார்ந்தான். என் கல்லுக்கு வந்ததும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தான். முச்சந்தி இன்னும் ஐம்பத்தெட்டு காலடி இருந்தது. அதை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தான்.

நான் வெளியே வந்தேன். “நாளைலேர்ந்து சட்டியை உன் கதவுகிட்ட வை. நான் வந்து எடுத்துட்டுப் போய் முச்சந்தில கொட்டிக்கறேன்.”

“நீ கொட்டினா பலிக்குமான்னு தெரியலயே.”

“பலிக்காட்டி வந்து என் வாசல்ல கொட்டு.”

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மண்சட்டியைத் தூக்கிப் போய் முச்சந்தியில் கொட்டிவிட்டு, காலிச் சட்டியை அவன் கதவில் வைப்பேன். மா சித்தி விடுவாளா? “என்ன கோங், பன்றி வியாபாரம் படுத்துப்போச்சா? சக்கை வியாபாரத்துல இறங்கிட்டியே!” என்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். சிலர் என் கடைப் பக்கம் வரவே யோசித்தார்கள். லியாவுக்கு இருப்பது ஒட்டுகிற காசம் என்று ஊரில் எல்லாருக்கும் நினைப்பு. அதனால்தான் ஒருவரும் அவன் வீட்டுக்குள் போவதில்லை.

அவனுக்கு இருந்தது ஒட்டுகிற நோய் இல்லை. இருபத்தாறு வயதில் அவனும் தெற்கே போனவன்தான். பெரிய கட்டடம் எழும்புகிற இடங்களில், அடிவாரப் பாறையில் குழிக்குள் இறங்கித் துளை போடுகிற வேலை. பதினோரு வருஷம். “வெளிய வரும்போது மாவு மில்லுலேர்ந்து வர்ற மாதிரி இருப்போம். முகத்துக்கு ஈரத் துண்டு. அது பத்து நிமிஷத்துல சேறாயிடும், அப்புறம் தூக்கிப் போட்டுருவோம். கூலி நல்ல கூலி” என்பான். அந்தக் கூலியில்தான் இந்த வீட்டைக் கட்டினான். ஆஸ்பத்திரியில் எடுத்த படம் ஒன்று சுவரில் ஆணியில் தொங்கியது. நெஞ்சு முழுக்கப் பனி பெய்த மாதிரி வெள்ளை, அத்தனையும் அந்தப் பாறைத் தூசி. மனைவி காலுறை ஆலைக்கு வேலைக்குப் போனாள். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு இல்லை. மகன் ஏதோ நகரத்தில் பார்சல் கொடுக்கிறான். காற்று இயந்திரம் அவன் வாங்கி அனுப்பியது. புத்தாண்டுக்கு ஒரு போன் வரும்.

“சக்கை கொட்டினா சரியாயிடும்னு நம்பறியா நீ?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அது எனக்கெப்படித் தெரியும்? ஆனா மறுநாள் போய்ப் பாப்பேன். அதுல ஒரு கால் தடம் இருக்கும், பெரிய பூட்ஸ் தடம். சரி, ஒரு ஆள் இருக்கான்னு திரும்பிடுவேன்.”

அந்த வீட்டில் ஒரு நல்ல கட்டில் இருந்தது, கர்ப்பூர மரத்துக் கட்டில். கல்யாணத்துக்குச் செய்தது. அதன்மேல் மூட்டையும் பெட்டியும் பழைய கம்பளியும் கிடந்தன. எங்கே தூங்குகிறாய் என்று கேட்டேன். மேசையைக் காட்டினான். மூன்று வருஷமாக உட்கார்ந்தே தூங்குகிறானாம். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி நிற்பார்களாம்.

மருந்துக்கடை ஷாவ் டாக்டரம்மாவிடம் அவனை என் மூன்று சக்கர வண்டியில்தான் கூட்டிப் போனேன். இறைச்சித் தட்டைக் கழுவி, அதில் நாற்காலியைக் கட்டி உட்கார வைத்தேன். அந்த அம்மா அறுபதைத் தாண்டினவள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, நாடி பிடித்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“ஆறு வருஷமா என் கஷாயம் குடிக்கறே. உனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் நீ சொன்னதே இல்ல. சொல்லு.”

“சரியாகணும்னு கேக்கல டாக்டரம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மட்ட மல்லாக்கப் படுத்துத் தூங்கணும். முதுகு முழுசும் பலகைல படணும். எங்க கூட வேலை பாத்தவனுங்க நாலு பேர் உக்காந்தபடியே போய்ட்டானுங்க. ஒருத்தன் மண்டி போட்டபடி. பெட்டில வெக்கறதுக்குக் காலை நிமித்தவே முடியல. எனக்கு அது வேண்டாம். நான் படுக்கணும்.”

அவள் எழுதுகோலை எடுத்தாள். “கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. பாக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதே.”

மருந்து மாறியது. பாதாமி விதை, முசுக்கட்டை வேர்ப்பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், இன்னும் பெயர் தெரியாத வேர்கள். பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். வெயில் உச்சத்துக்கு வந்தபோது முதுகுக்குப் பற்று, பத்து நாளைக்கு ஒன்றாக மூன்று. குளிர்காலத்து நோயைக் கோடையில் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வெள்ளைக் கடுகை அரைத்து இஞ்சிச் சாற்றில் குழைத்து, காசு அளவுக்கு வட்டம் வட்டமாக, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். அவன் முதுகுக்கு அவன் கை எட்டாது, வேறு கையும் அந்த வீட்டில் கிடையாது. நான்தான் ஒட்டினேன்.

“மெதுவாடா! நான் பன்றி இல்ல.”

“பன்றின்னா இவ்வளவு எலும்பு இருக்காது. வாங்க ஆள் வராது.”

“எரியுது.”

“எரியணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. எரியலன்னாத்தான் சொல்லு.”

பன்றி நுரையீரல் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள்; நெஞ்சுக்கு நெஞ்சு. வாரம் ஒன்று எடுத்து வைத்து, அவன் முற்றத்துக் குழாயடியில் கழுவுவேன். மூச்சுக்குழாயைக் குழாய் வாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்தால் நுரையீரல் ஊதும், தலையணை மாதிரி. அமுக்கினால் ரத்தமும் நுரையும் வெளியே வரும். திரும்ப ஊதவிட வேண்டும், திரும்ப அமுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவையில் சிவப்பு போய் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். லியாவ் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு அதைப் பார்ப்பான். ஒரு தடவை மட்டும், “ஆஸ்பத்திரில மனுஷன் நெஞ்சையும் இப்படிக் கழுவுவாங்களாம். எனக்கு ரொம்ப லேட்டாயிடுச்சுன்னுட்டாங்க” என்றான். நான் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்தேன். சத்தத்தில் பேச்சு கேட்காமல் போகட்டும் என்று.

மூன்றாவது பற்று முடிந்து இரண்டு வாரத்தில் அவன் கம்பளிகளை அடுக்கிச் சாய ஆரம்பித்தான். முதலில் மேசையை விட்டு நாற்காலி முதுகில் சாய்ந்தான். பிறகு கட்டிலில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன். முதுகுக்கு ஐந்து கம்பளி. பிறகு நான்கு. இலையுதிர் பண்டிகைக்கு நான் பலகாரம் கொண்டு போன அன்று இரண்டு கம்பளியில் கிடந்தான். கஞ்சி ஆறுகிற நேரம் அப்படியே இருந்தான். எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அது சங்கடமாக இருந்தது. விடு, மேலெல்லாம் கொழுப்பு என்றேன்.

“கசாப்பு, இன்னும் ரெண்டுதான்.”

“அண்ணே, பனிக்கு முன்னாடி படுத்துருவே.” அன்றைக்குத்தான் அவனை முதல் தடவை அண்ணே என்றேன். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

அந்த இரண்டு கம்பளியை நான்தான் கெடுத்தேன்.

மருந்தில் லக்கோட்டா இலை சேர வேண்டும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தாள். கடையில் இருந்தது பழைய சரக்கு, தூளாகிப்போனது. என் முற்றத்தில் பெரிய மரம் நிற்கிறதே, அதிலிருந்து பறித்தேன். அந்த இலையின் அடியில் பஞ்சு மாதிரி ரோமம் இருக்கும். தொண்டையில் பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் இலை இலையாகப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வழவழ என்று ஆன பிறகு, துணியில் முடிந்து காய்ச்ச வேண்டும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யுன்ஷியாங் ஒரு இலைக்கு எவ்வளவு நேரம் எடுப்பாள் என்றும் தெரியும். ஆனால் அன்றைக்குச் சந்தை நாள். எனக்கு ரோமம் எடுக்க ஒரே ஒரு வழிதான் கை பழகின வழி: பன்றித் தலையைத் தீய்க்கிற, நெருப்பைப் பீய்ச்சுகிற காஸ் குழாய். இலைகளைக் கம்பியில் கோத்து, அடியில் ஒரு ஓட்டு ஓட்டினேன். பொசுபொசு என்று கருகியது. ரோமம் போயிற்று என்று நினைத்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். துணி முடிச்சும் போடவில்லை.

அவன் இரண்டு கிண்ணம் குடித்தான். சாயங்காலமே இருமல் ஆரம்பித்தது. சாதாரண இருமல் இல்லை. இரண்டு நாள் விடவில்லை; மூன்றாம் நாள் துண்டில் ரத்தம். சாய்ந்தவன் எழுந்து உட்கார்ந்தான். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து மேசை. நெற்றி மறுபடியும் மடித்த கைமேல் வந்துவிட்டது.

டாக்டரம்மாவை வண்டியில் கூட்டி வந்தேன். அவள் சட்டியைக் கவிழ்த்து, சக்கையில் இலையைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தாள். கருகின முனையோடு பாதி ரோமம் அப்படியே இருந்தது.

“யார் பண்ணினது?”

சொன்னேன்.

“இது பன்றித் தலையாடா தீய்க்கறதுக்கு? ஏன்டா, கையில பிரஷ் இல்ல? உன் வீட்டுக்காரி இத்தனை வருஷம் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தா?”

மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லியாவ் சிரிக்கிறான். “விடுங்க டாக்டரம்மா… பண்டிகைக்குப் பன்றித் தலை… தின்ன மாதிரி ஆச்சு.”

வாசலில் அவளை நிறுத்திக் கேட்டேன், என்னால்தானா என்று. அவள் என்னைத் தேற்றுகிற ஆள் இல்லை. “அவன் நெஞ்சுல கல் இருக்கு. நான் கல்லை உடைக்கறவ இல்ல, சளியைத் தளத்தறவ. கோடைல கிடைச்சது கடன் வாங்கின காத்து. குளிர் வந்தா எப்படியும் போயிருக்கும்.” வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, “இலையும் கொஞ்சம். பொய் சொல்ல மாட்டேன்” என்றாள்.

அதற்கப்புறம் நான் இலை தேய்க்காத நாள் இல்லை. கடையை மா சித்தியிடம் விட்டுவிட்டு, மத்தியானம் பூராவும் பிரஷ்ஷும் இலையுமாக அவன் வாசலில் உட்கார்ந்திருப்பேன். துணியை இரண்டு மடிப்புப் போட்டு முடிவேன். இருமல் கொஞ்சம் தணிந்தது. கம்பளிகள் மட்டும் குறையவில்லை. பனி விழுந்தது. அவன் பேச்சு குறைந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நான் ஒரு இலையை முடித்துவிடுவேன். மகனுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டேன். வருஷக் கடைசி, பார்சல் நிறைய இருக்கும், வேண்டாம் என்றான். நான் பண்ணினேன். வருகிறேன் என்றான், புத்தாண்டுக்கு.

பன்னிரண்டாம் மாதம் ஒன்பதாம் தேதி காலையில் சட்டி கதவில் இல்லை. உள்ளே போனேன். மேசையில், மடித்த கைமேல், நெற்றி. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் வருவதற்குள் நானும் மா சித்தியும் வெந்நீர்த் துணி போட்டுப் போட்டு முட்டியை நிமிர்த்தினோம். கை பழகின வேலைதான். அவனைக் கர்ப்பூரக் கட்டிலில் மட்டமாகக் கிடத்தினோம். அதை அவன் கேட்ட படுக்கை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவன் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் நல்ல வெயில். சாப்பாட்டுக்கு அப்புறம் ஊர் முழுக்கக் கொஞ்சம் கண் அசருகிற நேரம். நான் கதவருகில் இலை தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேசையைத் தட்டிக் கூப்பிட்டான்.

“கசாப்பு… அந்த மூட்டையெல்லாம் இறக்கு.”

“எதுக்கு? படுக்கப் போறியா?”

தலையை ஆட்டி, இல்லை என்றான். நான் கட்டில்மேல் இருந்ததையெல்லாம் இறக்கினேன். மூட்டை, பெட்டி, ஐந்து கம்பளியும். வெறும் பலகையும் ஒரு பாயும் மிஞ்சின. அவன் நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிவிடச் சொன்னான். திருப்பினேன். குழாய் எட்டவில்லை, இயந்திரத்தையும் தள்ளி வைத்தேன். ரொம்ப நேரம் மூச்சைச் சேர்த்தான்.

“நீ படு.”

“நானா? பூட்ஸ் எல்லாம் ரத்தம், அண்ணே.”

“கழட்டு. மல்லாக்கப் படு. முதுகு… முழுசும் படணும். குறட்டை விட்டாலும் பரவால்ல… கொஞ்ச நேரம் தூங்கு. நான் பாக்கறேன்.”